நீரில் நின்று வாடும் மிளகாய்

பெரும்போக மழையில் தோட்டத்தில் நீர் தேங்கினால், மிளகாய்ச் செடி நீரில் நின்றவாறே வாடுவதைக் கமக்காரர் கண்டிருப்பர். நீரிருந்தும் வாடுவதேன்?

உழவெருதின் கலங்கள் தமக்கு வேண்டிய சத்தியை, அது தின்ற புல்லிலிருந்தே பெறுகின்றன. பயிரோ, இலைக் கலங்களிலுள்ள பச்சையத்தாற் சூரியவொளியைப் பற்றி, நீரையும் காபனீரொட்சைட்டையுங் கொண்டு வெல்லத்தைத் தானே ஆக்குகின்றது. வேற்றுமை இம்மட்டே. அவ்வுணவிலிருந்து சத்தியைப் பெறுதற்கு எருதும் பயிரும் ஒட்சிசனைக் கொண்டு சுவாசித்தல் வேண்டும். பயிர் இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்பது தவறான எண்ணம். உணவாக்கல் பகலோடு நின்றுவிடும், சுவாசமோ இரவும் பகலும் ஓயாது.

மண்ணுள்ளிருக்கும் வேர்க் கலங்களிற் பச்சையமில்லை. எருதின் கலங்களைப் போல அவையும் பிறிதோரிடத்து ஆக்கிய உணவையே நம்பி வாழ்வன. இலை வெல்லத்தை அனுப்பினும், மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொண்டால் ஒட்சிசன் கிட்டாது. சத்தி குன்றிய வேர், சூழவுள்ள நீரையும் போதிய அளவு உறிஞ்சமாட்டாது. வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் பாய்ச்சுவோரும் உளர்!

நெல்லின் இலையிலும் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. அவற்றின் வழியே ஒட்சிசன் வேர்வரை இறங்கும். மிளகாய்க்கு அத்தகைய வசதி போதாது. ஆதலின், நெல் வயலில் மிளகாய் நடுவோர் மேட்டுப்பாத்தி அமைத்து, மழைக்கு முன்னரே வடிகால் வெட்டுதல் வேண்டும்.