அதிர்வு சொல்லும் செய்தி

மின்சாரம் தடையின்றி வரும்வரை அதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படித்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அன்று எரிபொருளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் எரிபொருள் போதியளவு இருக்கும்போதும் ஒரு மின்நிலையத்தை முடக்கிவிடக்கூடிய ஒன்று உண்டு. அதுதான் டர்பைன் இறக்கையில் விழும் மயிரிழை போன்ற வெடிப்பு. அதை முன்கூட்டியே எப்படி அறிகிறார்கள் என்பதை, உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவி என்ற வகையில், எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

இறக்கை ஏன் உடைகிறது?

நுரைச்சோலை லக்விஜய அனல் மின்நிலையத்தில் 300 மெகாவாட் வலுவுள்ள மூன்று பிரிவுகள் உள்ளன. அங்கே டர்பைன் இறக்கைகளைத் தள்ளுவது நீராவி. கொட்டாஞ்சேனைக்குத் தொலைவில் இல்லாத களனிதிஸ்ஸவின் வாயு டர்பைன்களில் அந்த வேலையைச் செய்வது எரிந்த சூடான வாயு. நமது மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அதற்கேற்ப நுரைச்சோலை டர்பைனின் தண்டு செக்கனுக்கு 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3000 முறை சுழல வேண்டும். மையத்திலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கும் ஓர் இறக்கை நுனியின் வேகத்தைக் கணித்துப் பாருங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 470 மீற்றர் வரும். வளியில் ஒலியின் வேகமே 340 மீற்றர்தான்!

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும் அல்லவா? நீராவியின் தள்ளுதலால் இறக்கையும் அப்படியே ஓயாமல் சிறிது சிறிதாக வளைந்து நிமிர்கிறது. இதனால் ஏற்படுவதே உலோகக் களைப்பு. தள்ளும் மீடிறனும் இறக்கையின் இயற்கை மீடிறனும் ஒன்றானால் பரிவு ஏற்பட்டு, வெடிப்பு இன்னும் விரைவாக வளரும்.

அதிர்வைக் கேட்பது எப்படி?

வீட்டு ஃபேனின் ஓர் இறக்கை வளைந்துவிட்டால் முழு ஃபேனும் ஆடுகிறது. நிறை சமனாக இல்லாததே காரணம். டர்பைனிலும் இறக்கைத் துண்டொன்று உடைந்து பறந்தால் தண்டு பலமாக அதிரும். தண்டைத் தாங்கும் பெயாரிங்குகளில் உள்ள உணரிகள் அதை அளக்கின்றன. கிடைக்கும் சிக்கலான அலையை, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே காட்டிய வழியில், கணினி தனித்தனி மீடிறன்களாகப் பிரிக்கிறது. 50 ஹேர்ட்ஸில் அதிர்வு கூடினால் நிறைச் சமனின்மை என்றும், 100 ஹேர்ட்ஸில் கூடினால் தண்டுகள் நேர்கோட்டில் இல்லை என்றும் சந்தேகிக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெடித்த இறக்கை உடையும்வரை அதன் நிறை குறைவதில்லை. ஆகவே பல தொன் எடையுள்ள தண்டு அந்த வெடிப்பைக் காட்டிக்கொடுப்பதில்லை. பெயாரிங் உணரி எச்சரிக்கும்போது பெரும்பாலும் இறக்கை போய்விட்டிருக்கும்.

மண்சட்டி வாங்கும்போது உம்மம்மாமார் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும். வெடித்த சட்டியின் ஒலி மந்தமாக இருக்கும். வெடிப்பு விழுந்த பொருளின் விறைப்பு குறைகிறது. விறைப்பு குறைந்தால் இயற்கை மீடிறனும் குறைகிறது. நாம் படிக்கும் எளிமை இசை இயக்கச் சமன்பாடும் இதையே சொல்கிறது.

சுழலும் இறக்கையைத் தட்டிப் பார்க்க முடியாது. ஆகவே டர்பைனின் வெளிக்கூட்டில் உணரிகளைப் பதித்து, ஒவ்வோர் இறக்கை நுனியும் அவற்றைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கிறார்கள். அதிரும் இறக்கை குறித்த நேரத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ வரும். மேலே கணித்த வேகத்தில் நுனி 1 மில்லிமீற்றர் விலகினால் வித்தியாசம் ஏறத்தாழ 2 மைக்ரோ செக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. இந்த நேரங்களிலிருந்து ஒவ்வோர் இறக்கையின் மீடிறனையும் கணித்து, அதே இறக்கையின் பழைய பதிவுடன் ஒப்பிடுகிறார்கள். அதிர்வு பெரிதா சிறிதா என்பதை விட, நேற்றிருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் உள்ளவை போன்ற காற்றாலைகளுக்கும் இந்தத் தத்துவம் பொருந்தும்.

கேட்காமல் விட்டால்

1993 மார்ச் 31 அதிகாலையில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலுள்ள நரோரா அணுமின் நிலையத்தில், களைப்படைந்த இரண்டு டர்பைன் இறக்கைகள் உடைந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வில் மின்பிறப்பாக்கியைக் குளிர்விக்கும் ஐதரசன் கசிந்து தீப்பற்றியது. தீ மின்வடங்களுக்கும் பரவியதால் ஏறத்தாழ 17 மணித்தியாலங்கள் நிலையத்துக்கே மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டோர்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, அணு உலையைப் பாதுகாப்பாக வைத்திருக்க வால்வுகளைக் கையால் திறந்தார்கள். அவர்களுடைய துணிவால் பேரழிவு தவிர்க்கப்பட்டது.

ரஷ்யாவின் சயானோ சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் நடந்தது வேறு. அங்கே அதிர்வு அளவுக்கு மீறிக் கூடியிருந்தும் டர்பைன் தொடர்ந்து இயங்கியது. 2009 ஆகஸ்ட் 17 அன்று, களைப்படைந்த போல்ட்டுகள் முறிந்து அதன் மூடி தூக்கி எறியப்பட்டது. வெள்ளம் உள்ளே புகுந்ததில் 75 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே, உணரி பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. அது சொல்வதைக் கேட்டு, உரிய நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தும் மனமும் வேண்டும். ஒரு நாள் நிறுத்தினால் நட்டம்தான். ஆனால் உடைந்த பிறகு வரும் நட்டத்துக்கு அது ஈடாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பொறியியல் என்றால் பாரம் தூக்கும் வேலை என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்த வேலைக்கு வேண்டியது அலைகளை வாசிக்கும் கணித அறிவும், சிறு மாற்றத்தையும் கவனிக்கும் பொறுமையும். இரண்டும் உங்கள் பெண்பிள்ளைகளிடம் இருக்கின்றன.