வண்டிப் பாட்டமா, சொந்த வண்டியா? மின்கார் குறித்து ஓர் எல்லைப்புறக் கணக்கு

நெய்யாறு அணைக்குப் போகும் வழியில் கள்ளிக்காடு சந்திப்பில் சற்று நேரம் நின்றால் நால்வகை எண் பலகைகளைப் பார்த்துவிடலாம். காட்டாக்கடையின் கேஎல் 74, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20, பாறசாலையின் கேஎல் 19, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மார்த்தாண்டத்தின் டிஎன் 75. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் நம் குடும்பங்களின் கல்யாணமும் சாவும் எல்லைக்கு இருபுறமும் நடக்கின்றன. ஆகவே இங்கே வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. உறவைக் காக்கும் சாதனம் எனலாம்.

இப்போது இந்தப் பலகைகளுக்கிடையே பச்சைப் பலகையும் கூடி வருகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு நாள் மாலை வந்து உட்கார்ந்தார். அவருடைய சிறிய பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு முடிந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, இனி வண்டி எல்லாம் சொந்தமா வாங்கவே வேண்டாம். மாசச் சந்தா கட்டி மின்கார் ஓட்டலாம். இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்கிறானாம். ஓய்வுக்காலப் பணத்தில் மிச்சமிருப்பதைத் தொடலாமா வேண்டாமா என்பது அவருடைய கவலை. "சாரே, இது பாட்டமா, ஈடா?" என்று கேட்டார். கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

கடனில் வாங்கிய வண்டி ஈடு வைத்த நிலம் போன்றது. பத்திரத்தில் நம் பெயர், வங்கிக்குப் பிடிமானம். கடன் தீர்ந்தால் நமக்கே. சந்தா என்பதோ பாட்டம். விளைச்சல் நமக்கு, மண் அவர்களுக்கு. ஒரு வேறுபாடு உண்டு. கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் 1970 ஜனவரி 1 முதல் பாட்டக்காரர்களுக்கு நிலத்தின்மேல் உரிமை பிறந்தது. வண்டிப் பாட்டத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரப்போவதில்லை! எத்தனை ஆண்டு கட்டினாலும் தவணை முடியும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் இம்முறை எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். டாடா நிறுவனம் நெக்ஸான் மின்காரை 2020 ஜனவரியில் வெளியிட்டபோது தொடக்க விலை 13.99 லட்சம் ரூபாய். அவ்வாண்டு ஆகஸ்டில் அதற்குச் சந்தாத் திட்டம் வந்தது. 36 மாதத் தவணைக்கு மாதம் 41,900 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 15,08,400. அதாவது மூன்று ஆண்டில் வண்டியின் விலையையே மிஞ்சிவிடுகிறது. அதே ஆண்டில் மாதம் 34,900 என்று குறைத்தார்கள். அப்போதும் 12,56,400 ஆகிறது. இதில் காப்பீடு, பராமரிப்பு, வரி எல்லாம் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் சொந்தமாக வாங்கியவரிடம் மூன்றாம் ஆண்டு முடிவில் விற்கத்தக்க ஒரு வண்டி நிற்கிறது. சந்தாக்காரரிடம் ரசீதுகள் நிற்கின்றன. மேலும் அத்திட்டம் தில்லி, மும்பை, புனே, ஐதராபாத், பெங்களூரு ஆகிய பெருநகரங்களுக்கே தொடங்கப்பட்டது. கள்ளிக்காடு அந்தப் பட்டியலில் வருமா என்ன?

நம் பக்கம் வேறு வடிவில் இது வந்தது. கேரள அரசின் அனெர்ட் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கு மின்கார்களை மாத வாடகைக்குக் கொடுத்தது; மோட்டார் வாகனத் துறையின் பறக்கும் படைக்கே அப்படிப்பட்ட வண்டிகள் வந்தன. அலுவலகத்துக்கு இது பொருந்தும். அங்கே நாள்தோறும் ஓட்டம் உண்டு, மொத்தமாக முதல் போட வேண்டியதில்லை, மறுவிற்பனையைப் பற்றி யாரும் கவலைப்படுவதுமில்லை. வீட்டுக்காரரின் நிலை அதுவல்ல.

சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது பாட்டரி வாடகை முறையாகும். எம்ஜி விண்ட்சர் கார் 2024 செப்டம்பரில் அறிமுகமானபோது பாட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்றார்கள். பாட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். வித்தியாசம் 3.51 லட்சம், 3.50 ரூபாய் வீதம் வகுத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்குக் கீழே ஓட்டுகிறவருக்கு வாடகை லாபம்போல் தெரியும். அங்கேதான் கண்ணி இருக்கிறது. மாதம் குறைந்தது 1,500 கிலோமீட்டருக்கான வாடகை, அதாவது 5,250 ரூபாய், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டும். வண்டியைக் கொட்டிலில் நிறுத்திவைத்தாலும் ஐந்து ஆண்டு ஏழு மாதத்தில் பாட்டரியின் விலை போய்விடும். வட்டியைக் கணக்கில் எடுத்தால் முதல் ஐந்தாண்டுக்கு வாடகை அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும், 3.51 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் எடுத்தால் மாதம் 7,300 ரூபாய் அளவில் வரும். ஆனால் கடன் ஐந்தாண்டில் தீரும், வாடகை தீராது.

இதோடு கேரளத்தின் வரியையும் சேர்க்க வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில், 15 லட்சம் வரையிலான மின்கார்களுக்கு 5 சதவீதம் என்று வைத்தவர்கள், பாட்டரி வாடகை வண்டிகளுக்கு மட்டும் 10 சதவீதம் என்றார்கள். 13.50 லட்சத்துக்கு 5 சதவீதம் 67,500. வாடகை முறையில் 9.99 லட்சத்துக்கு மட்டும் 10 சதவீதம் போட்டாலும் 99,900. விலை குறைந்த வண்டிக்கு வரி கூடுதல்! இதை விற்பனைக்காரர் தானாக முன்வந்து சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

இனி ஓட்டச் செலவு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய், 15 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 7 ரூபாய். (நம்மவர்களில் பலர் பெட்ரோலுக்குக் களியக்காவிளைக்குப் போய் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 150 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். மாதம் 5,800 ரூபாய் மிச்சம். ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் மின்காருக்கும் விலை வித்தியாசம் 4 லட்சம் என்று வைத்தால், அதை மீட்க 69 மாதம் ஆகும்.

நம் ஆசிரியர் மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. ஞாயிறு சந்தை, மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, நாகர்கோவிலில் மகள் வீடு, அவ்வளவுதான். அவருக்கு மிச்சம் 2,900 ரூபாய். நான்கு லட்சத்தை மீட்க பதினொன்றரை ஆண்டு. பாட்டரிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் உத்தரவாதமோ 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அவரே பாட்டரி வாடகை முறையில் எடுத்தால் மாதம் 500 கிலோமீட்டருக்கு 5,250 ரூபாய். கிலோமீட்டருக்குப் பத்தரை ரூபாய், மின்சாரம் தனி. பெட்ரோலே மலிவு என்றாகிவிடுகிறது.

மின்கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் விழும். இப்போது 150 யூனிட் எரிக்கும் வீடு, காருக்கு 150 சேர்த்தால் 300 ஆகிவிடும். காரின் செலவோடு நின்றுவிடாமல் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும்கூடக் கட்டணம் ஏறும். கூரையில் சூரியத் தகடு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நாட்டு வழக்கில் சொன்னால், சொந்தக் கிணறு உள்ளவன் தண்ணீர்க் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் மேட்டில் வீடு, வண்டி கீழே ரோட்டோரம் என்றிருப்பவர்கள் பலர். சார்ஜ் போடும் பிளக் வண்டி நிற்கும் இடத்தில் வேண்டும்; 16 ஆம்பியர் இணைப்பும் நல்ல எர்த்தும் வேண்டும். மேட்டு வீட்டிலிருந்து வயரை இழுத்துக் கீழே விடுவது மழைக்காலத்தில் ஆபத்து. பொது நிலையங்களைப் பொறுத்தவரை, மின்வாரியம் 2020இல் தொடங்கிய முதல் ஆறு நிலையங்களில் ஒன்று நேமத்தில் அமைந்தது. திருவனந்தபுரம் போகிற வழிதான். ஆனால் சார்ஜ் போடுவதற்கென்றே நேமம் வரை போய் வருவது நடக்கிற காரியமல்ல.

எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பலகையின் எழுத்து. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. சந்தா வண்டி இரண்டு விதத்திலும் வரும். மஞ்சள் எழுத்தோடு களியக்காவிளையைக் கடக்க என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மார்த்தாண்டத்துல மச்சான் வீட்டு விலாசத்துல எடுத்தா வரி மிச்சம்தானே" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கைப்படி 2025 இறுதி வரை மின்வண்டிக்குச் சாலை வரி முழு விலக்கு என்று இருந்ததால் அந்த ஆசை வந்தது. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி வசிக்கும் இடத்திலோ வண்டி வழக்கமாக நிற்கும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும். 2017இல் புதுச்சேரிப் பதிவு விவகாரத்தில் திரைப்பட நட்சத்திரங்களே மாட்டினார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம்.

பாட்டத்தில் நிலச்சொந்தக்காரனே நொடித்துப்போனால்? பிரிட்டனில் மின்கார்ச் சந்தாவுக்கென்றே நடந்த ஆன்டோ நிறுவனம் 2023 செப்டம்பரில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. லண்டனிலும் கிராய்டனிலும் உறவினர் உள்ளவர்கள் இதைக் கேட்டறிந்திருப்பீர்கள். முன்பணம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கும், இடையில் விட்டால் தண்டம் என்ன என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

அப்படியானால் சந்தா யாருக்குத்தான் ஆகும்? ஆசிரியரின் மகனுக்கே ஆகலாம். பெங்களூரில் இரண்டு வருட வேலை, அதன் பின் எந்த ஊரோ தெரியாது, அலுவலகத்தில் சார்ஜ் வசதி உண்டு. வாங்கி விற்கும் தொல்லை இல்லாமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடலாம். எங்கள் ஊரில் ரப்பர் வியாபாரம் செய்யும் ஒருவர் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறார். அவருக்குப் பெட்ரோல் 14,000. மின்சாரம் 300 யூனிட், கூடிய விகிதமான 9 ரூபாயில் 2,700. மிச்சம் 11,300. நான்கு லட்சம் மூன்று வருடத்துக்குள் மீண்டுவிடும். அவர் பாட்டரியோடு சொந்தமாக வாங்குவதே முறை.

ஆசிரியருக்கு நான் சொன்னது பழைய வண்டியையே வைத்துக்கொள்ளும்படி. அதே 2025-26 அறிக்கை 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளின் வரியை 50 சதவீதம் உயர்த்தியது. 750 முதல் 1,500 கிலோ வரை எடையுள்ள காருக்கு ஐந்தாண்டுக்கு 8,600 ரூபாயாக இருந்தது 12,900 ஆனது. கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் 215 ரூபாய். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய எஞ்சினின் மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர்க் குழாய்களைப் பார்த்து மாற்ற வேண்டும். டயர், பிரேக், தகுதிச் சோதனை என்று ஒரு தொகை போகும். அத்தனையும் சேர்த்தாலும் ஒரு வருடச் சந்தாவுக்கு அருகில் வராது.

அவர் கணக்கு எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன மாதம் புதுப் பதிவுத் தாளோடு அந்த வண்டியில்தான் நாகர்கோவில் போய் வந்தார். திரும்பும்போது களியக்காவிளையில் டாங்க் நிறைய பெட்ரோலும் அடித்துக்கொண்டு.