கசியும் புகைக்குழாயும் மூடிய கண்ணாடிகளும்

மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரையிலான சிவனொளிபாதமலை பருவகாலத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்லும் வாகனங்கள் பாதையோரத்தில் இரவு முழுவதும் தரித்து நிற்பதைக் காணலாம். மலையேறியவர்கள் திரும்பும்வரை சாரதிகள் குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தாமலே உறங்கிவிடுகின்றனர். வாகனத்தின் அடியிலுள்ள புகைக்குழாயின் மூட்டு ஒன்று கசியுமானால் அந்த உறக்கம் மரணத்தில் முடியக்கூடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே ஓடின, இன்றும் ஓடுகின்றன. சைலன்சர் சத்தம் போட்டால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதும் வழக்கமாகிவிட்டது.

மலையகத்தில் இக்குழாய்கள் விரைவில் துருப்பிடிப்பதற்கு மழை மட்டும் காரணமன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகின்றது. தோட்டத்திலிருந்து நகருக்கு என்ற குறுகிய ஓட்டத்தில் குழாய் முழுமையாகச் சூடேறுவதில்லை. குளிர்ந்த உலோகத்தில் படியும் அந்த நீர் உள்ளிருந்தே இரும்பை அரிக்கின்றது. வெளியே சிறு கறையாகத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

கசியும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைகின்றது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் வளியமுக்கம் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. அதாவது மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. டீசல் வாகனங்களில் இவ்வாயு குறைவெனினும் அறவே இல்லையென்று கூறிவிட முடியாது.

கசிவைக் கண்டறிவது கடினமன்று. காலையில் முதன்முதலாக இயந்திரத்தை இயக்கும்போது அடியிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி எழும். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குழாய் குளிர்ந்திருக்கையில் சவர்க்கார நீரைத் தடவி இயந்திரத்தை இயக்கினால், கசியும் இடத்தில் குமிழிகள் கிளம்பும்.

தற்காலிகமாக அடைப்பதற்கு உதிரிப்பாகக் கடைகளில் சைலன்சர் பேஸ்ட் கிடைக்கின்றது. சாதாரண ஒட்டுப் பசைகள் இச்சூட்டில் கருகிப் போகும். முதலில் இயந்திரம் சில மணிநேரம் ஆறவேண்டும். சமதரை தேவை, எமது பிரதேசத்தில் அதைத் தேடுவதே பாதி வேலை! சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகள் அவசியம். துருவையும் கரியையும் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, மூட்டின் ஆணிகள் தளர்ந்திருப்பின் இறுக்குங்கள். பல வேளைகளில் கசிவு இத்துடனேயே நின்றுவிடும். நிற்காவிடில், உலோகத்தைச் சற்று ஈரமாக்கிப் பேஸ்டை இடுக்கினுள் அழுத்தி, மேலும் ஒரு படை பூசவேண்டும்.

குழாயில் துவாரம் இருப்பின் பேஸ்ட் மட்டும் நில்லாது. வெற்று டின்மீன் பேணியொன்றை வெட்டி விரித்துச் சுற்றி, இருபுறமும் ஹோஸ் கிளிப்பால் இறுக்கலாம். கூரைத் தகரத் துண்டைப் பயன்படுத்துவது தவறு. அதன் நாகப் பூச்சு சூட்டில் நச்சுப்புகையாக மாறக்கூடும். பின்னர் திறந்த வெளியில் இயந்திரத்தைப் பத்து நிமிடமளவில் மெதுவாக இயக்கி, இரவு முழுவதும் இறுகவிட வேண்டும்.

இது கராஜுக்குச் செல்லும்வரை சில நாட்களுக்கான ஏற்பாடே. இயந்திரத்தையொட்டிய பகுதியிலும், அசைந்துகொண்டேயிருக்கும் நெளிகுழாயிலும் பேஸ்ட் வெடித்து உதிரும். அங்கே வீட்டு வைத்தியம் பயனற்றது. அடைத்த பின்னரும் கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தே ஓட்டவேண்டும். நின்ற நிலையில் இயந்திரத்தை இயக்கி உறங்குவது, கசிவில்லாத வாகனத்திலும் ஆகாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரி மலைநகரில், பனியில் சிக்கிய வாகனங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பனியால் புகைக்குழாய்கள் அடைபட்டு உட்புகுந்த இவ்வாயுவும் அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. அங்கு குழாய்கள் ஓட்டையாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும் வானில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் ஏற்பட்டால், மலைப்பாதையின் வளைவுகளில் பழிபோட்டுவிட்டுப் பயணத்தைத் தொடரக்கூடாது. உடனடியாக இயந்திரத்தை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்குங்கள். தெளியாதிருப்பின் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். வைத்தியசாலையில், வாகனப் புகையைச் சுவாசித்ததாகத் தெளிவாகக் கூறவேண்டும். ஏனெனில் கொவிட் காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இவ்வாயுவைப் பிரித்தறியாது. உயிர் ஊசலாடும் வேளையிலும் அது நூற்றுக்கு அண்மித்த அளவையே காட்டக்கூடும்.