கடிவாளம் பிரேக் இல்லை ஸார்!

எங்கள் விருத்தாசலத்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. என்ன, ஒன்றுகூடக் கொள்ளு தின்னாது! பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்துக் காயவைத்து, வர்ணமும் பளபளப்பும் ஏற்றி, சூளையில் சுட்டால் பீங்கான் குதிரை ரெடி. ஷோகேஸில் சமர்த்தாக நிற்கும். கடிக்காது, உதைக்காது. ஊர் எல்லையில் ஐயனார் முன்னால் நிற்பது இன்னொரு ரகம். அதன்மேல் ஐயனாரைத் தவிர யாருக்கும் ஏறத் தைரியம் கிடையாது.

நிஜக் குதிரை ஏறக் கற்றுக்கொள்ள நான் வாரக் கடைசியில் புதுச்சேரிப் பக்கம் போய்வர ஆரம்பித்ததும் ஆபீஸில் எனக்கு 'தேசிங்கு ராஜா' என்று பெயர் விழுந்துவிட்டது. (செஞ்சியும் விருத்தாசலமும் பழைய தென்னார்க்காடு ஜில்லாதானே!) நிஜ தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே உயிரை விட்டவர். நான் டீ டைமில் கேள்விகளோடு மோதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது: "விழுந்துட்டா?"

விழுவீர்கள். விழாமல் கற்றவர் யாரும் இல்லை. அதனால் ஹெல்மெட், அதுவும் குதிரையேற்றத்துக்கென்றே செய்தது. பைக் ஹெல்மெட் கனம், காதையும் அடைத்துவிடும். ஹெல்மெட் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் 1995 மே மாதம் ஒரு போட்டியில் ஏறினார். தடையைத் தாண்டும் இடத்தில் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. இவர் தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. 2004-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். ஆகவே தடை தாண்டுகிற ஆசையெல்லாம் முதல் மாதத்திலேயே வேண்டாம்.

ஷூ விஷயத்தில் நம் ஆட்கள் அலட்சியம். வழவழப்பான அடிப்பாகமும் சின்னக் குதிகாலும் உள்ள ஷூ வேண்டும். குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும். அப்புறம் நீங்கள் விழுந்தாலும் கால் விழாது. குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். பாதத்தின் முன்பாகம் மட்டும்தான் அங்கவடியில் இருக்க வேண்டும், குதிகால் கொஞ்சம் கீழே.

அடுத்த கேள்வி எங்கள் ஸ்டோர்ஸ் செக்ஷன் பெரியவருடையது: "தம்பி, என்னைத் தாங்குமா?" பொதுவாக ஒரு கணக்கு உண்டு. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை கூடாது, சேணத்தையும் சேர்த்து. 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. பெரியவர் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இடது பக்கமாக ஏன் ஏற வேண்டும்? பழைய சிப்பாய்களுக்கு வாள் இடுப்பில் இடது பக்கம் தொங்கியது. வலது பக்கமாக ஏறினால் வாள் குறுக்கே வரும். வாள் போய்விட்டது, வழக்கம் நிற்கிறது. (நம் ஆபீஸ் ஃபைலில் இதுபோல் எத்தனை!) நின்றுகொண்டே தூங்குமா? தூங்கும், காலில் அப்படி ஒரு பூட்டு இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மைப் பற்றிக் குதிரை என்ன நினைக்கிறது?

பயப்படுகிறது ஸார். அரை டன் எடை இருந்தாலும் அது புல் தின்னி. புலிக்கு இரையாகாமல் ஓடிப் பிழைத்த பரம்பரை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து சத்தமில்லாமல் போய்த் தட்டினால், யாரென்று விசாரித்துவிட்டு உதைக்காது. காதைப் பாருங்கள். முன்னால் விறைத்திருந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் ஒட்டப் படிந்திருந்தால் கோபம், தள்ளி நில்லுங்கள்.

புதுசாக ஏறுகிறவனும் பயப்படுகிறான். பயந்தவன் இரண்டு காரியம் செய்வான். கையால் கடிவாளத்தை இழுப்பான், காலால் வயிற்றை இறுக்குவான். குதிரை பாஷையில் முதலாவதுக்கு 'நில்', இரண்டாவதுக்கு 'ஓடு' என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது என்னதான் செய்யும், பாவம்! கடிவாள இரும்பு இருப்பது வாயில், முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில். அங்கே வெறும் ஈறும் நாக்கும்தான். நீங்கள் தொங்கினால் தொங்குவது அந்த ஈறில். வலி தாளாமல் தலையைத் தூக்கும், இன்னும் மிரளும். மூச்சை விட்டு, முதுகை நிமிர்த்தி, உடம்பைச் சற்றே பின்னால் கனமாக்கி, விரல்களை இறுக்கித் தளர்த்தினால் போதும். சொல்லச் சுலபம், இடுப்புக்குப் புரிய எனக்கு மூன்று மாசம் ஆச்சு.

சாப்பாட்டு விஷயம் இன்னும் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையும் உடம்புக்குச் சின்னது. பிரியமாக நாலு படி தானியம் வைத்துவிட்டால் வயிற்று வலி வந்து செத்தே போகும். நாள் முழுக்கப் புல், கொஞ்சம் தானியம், நிறையத் தண்ணீர். பதிமூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் எழுதி வைத்திருக்கிறார். கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லை, வேகவைத்த சோற்றைக் கறியோடு போடுகிறார்கள் என்று காரணமும் சொல்கிறார். பொக்கிஷத்தைக் கொட்டி வாங்கியதைச் சோறு போட்டே கொன்றிருக்கிறோம்!

"இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டுப்பா" என்பார்கள். சொந்தமாகக் குதிரை வைத்தால் அப்படித்தான். மணிக்கணக்கில் கட்டணம் கட்டிக் கற்பதற்கு மாதச் சம்பளக்காரனும் போகலாம், சினிமாவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால். தவிர இது ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் மோதுகிற அபூர்வமான ஒலிம்பிக் விளையாட்டு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு ஃபவாத் மிர்ஸா இறுதிச் சுற்றுவரை போய் 23-வது இடம் பிடித்தார்.

போன வாரம் அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டுமாம், வெள்ளையாக.

"ஏறலாம். லகான் குதிரைக்காரர் கையில் இருக்கட்டும். நீங்க விறைக்காம உட்காருங்க. பட்டாசு?"

"பத்தாயிரம் வாலா ரெண்டு, மாமா..."

"காதுகிட்ட வெடிச்சா நீங்க மண்டபத்துக்குப் போக மாட்டீங்க. உளுந்தூர்ப்பேட்டைக்குப் போவீங்க."

நண்பர் வெளிறிப்போனார். அன்று சாயங்காலமே மாமனாரிடம் பேசிப் பட்டாசை ரத்து செய்துவிட்டார். பேண்டு மாஸ்டரிடம் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.