உங்களுக்குத் தெரியுமா? – ப்ளே ஸ்டோர் வாசலில் சென்னை வழக்கு

முள்ளிப்பட்டில் நெய்த ஆரணிப் பட்டுச்சேலையை ஆப் வழியே விற்றால், கூகுளின் ஆப் கடையான ப்ளே ஸ்டோருக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. கையால் தொட்டு வாங்கும் சரக்குக்கு கூகுள் கமிஷன் பிடிப்பதில்லை. அதே செல்போனில் மகளுக்கு வரன் பார்க்கச் சந்தா கட்டினால் கதை வேறு. கூகுளின் விதிப்படி, இப்படிப்பட்ட டிஜிட்டல் சேவைகளுக்குக் கட்டும் பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை அதற்குப் போக வேண்டும் என்பதுதான் சென்னை வழக்கின் மூலகாரணம். கமிஷன் என்ன செய்யும் என்று தறிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது குற்றம். அதற்கு ஐந்து நாள் முன்புதான் ஆண்ட்ராய்டு வழக்கில் 1,337.76 கோடி விதித்திருந்தது.

பிறகு கூகுள் வேறு கட்டண முறைக்கும் வழிவிட்டது. ஆனால் அப்படிக் கட்டினால் கமிஷனில் 4 சதவீதப் புள்ளிகள் மட்டுமே குறைந்தன; 11 முதல் 26 சதவீதம் அப்போதும் கூகுளுக்குத்தான். மாற்றுக் கட்டண முறைக்காரருக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமே! இதைச் சலுகை என்று ஏற்க மனம் வரவில்லை.

இந்தக் கமிஷனை எதிர்த்து, வரன் பார்க்கும் ஆப்களை நடத்தும் சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி மனுக்களை நிராகரித்தார். மேல்முறையீடும் 2024 ஜனவரி 19 அன்று தள்ளுபடியானது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2024 மார்ச் 1 அன்று இந்தக் கமிஷனைக் கட்டாத பத்து இந்திய நிறுவனங்களின் மேல் கூகுள் நடவடிக்கை எடுத்து, ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கத் தொடங்கியது. மேட்ரிமோனி.காமின் பாரத் மேட்ரிமோனி போனது, அதன் ஜோடி ஆப்பும் போனது. பட்டப்படிப்பு முடிக்காத எளிய மக்களுக்கென்றே நடத்தப்படும் வரன் ஆப் ஜோடி. ஆப் ஏற்கெனவே செல்போனில் இருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை; புதிதாகத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் இரு தரப்பிடமும் பேசிய பிறகு, சில நாட்களில் அவை திரும்பின. பல ஆண்டு உழைத்துக் கட்டிய தொழிலை ஒரே நாளில் கண்ணுக்கு மறைத்துவிடும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருப்பது தவறு.

அதே மாதம் 15-ஆம் தேதி, இந்தக் கமிஷனைப் பற்றி விசாரிக்கப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது.

மேட்ரிமோனி.காம் கூகுளோடு மோதியது இது முதல் முறையன்று. தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று 2012-இலேயே புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் 135.86 கோடி அபராதம் வந்தது. தீர்ப்புக்கு ஆறு ஆண்டுகள்! சிறிய நிறுவனம் அதற்குள் மூடியே போயிருக்கும்.

இப்படி வழக்குக்குக் காத்திராமல் சட்டமே போட்ட நாடும் உண்டு: தங்கள் கட்டண முறையை ஆப் கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முதலில் சட்டம் போட்ட நாடு தென் கொரியா. ஆண்டு 2021.

936.44 கோடி அபராதம் என்ன ஆனது? 2025 மார்ச் 28 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. கூகுளின் மொத்த வருவாயை வைத்துக் கணக்கிடக் கூடாது, ப்ளே ஸ்டோர் வருவாயை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது காரணம். கூகுள் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவு மட்டும் பெருமளவு நிலைத்தது.

ஆப்பிளும் தப்பவில்லை. ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு தன்னார்வ அமைப்பு கொடுத்த புகாரின் பேரில், 2021 டிசம்பர் 31 அன்று அதன் ஆப் ஸ்டோர் மீது விசாரணைக்கு உத்தரவானது.

இப்படிப் புகார் கொடுக்க வக்கீலாகவோ பெரிய நிறுவனமாகவோ இருக்க வேண்டியதில்லை. நேரடியாகப் பாதிக்கப்படாதவரும் போட்டி ஆணையத்திடம் தகவல் கொடுக்கலாம் என்று 2020 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அந்த உரிமை உண்டு. ஆப் நடத்தும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.