மூளை சேமித்து வைப்பதில்லை

வெள்ளவத்தை மரைன் டிரைவில் மாலையில் நடப்பவர்கள் தொந்தி குறையவென்றுதான் நடக்கிறார்கள். அந்த நடையில் மூளைக்கும் பங்குண்டு, நேயர்களே.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள். ஒரு கலத்துக்குள் மின் துடிப்பாக ஓடும் செய்தியை, நுண்ணிய இடைவெளி தாண்டி அடுத்த கலத்திடம் சேர்ப்பவை பெரும்பாலும் இரசாயனங்கள். உடல் நிறையில் மூளை வெறும் 2 வீதம்; ஆனால் சக்தியில் சுமார் 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அவ்வளவு செலவாளிக்குச் சேமிப்பு மட்டும் கிடையாது! இரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டுப் பாரிசவாதம் வந்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழியும் என்பது 2006இல் வெளியான கணிப்பு.

மாலையில் நடப்பது, பிரஷரையும் சலரோகத்தையும் கட்டுக்குள் வைப்பது, புகைப்பதை விடுவது, கருவாடு, ஊறுகாய் உப்பைக் குறைப்பது எல்லாம் இந்தக் குழாய்களுக்காகத்தான்.

கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, வீட்டில் ஒருவருக்குத் திடீரென முகம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம்; எண்ணெய் தேய்த்துப் பார்க்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்: சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும்.