வட்டுக்குச் செல்லும் வழிகள்

நுழையும்முன்

தரவைப் படியெடுத்துப் பாதுகாத்தல் அனைவரும் அறிந்த முறை. அத்தரவை அடைவதற்குரிய வழி அறுந்துபோனால், படிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. கணினிக்கும் அதன் சேமிப்பகத்துக்கும் இடையிலான இணைப்பைப் பழுது தாங்கும்படி அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூர் மார்க்கெட் வளாகம்

அண்ணனூர், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ள தொடர்வண்டி நிலையம். காலையில் இங்கு ஏறும் மாணவர்களையும் தொழிலாளர்களையும் சுமந்து கிழக்கே செல்லும் புறநகர் வண்டிகளுள் பல, சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் பயணத்தை முடிக்கின்றன. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கிரையானது. அங்கு எரிந்த அரிய நூல்கள் பலவற்றுக்கு வேறு படி இருந்திருக்காது. அதே இடத்தில் எழுந்த வளாகத்தில்தான் தெற்கு இரயில்வேயின் முன்பதிவு மையம் இயங்கிவருகிறது.

கணினி வருவதற்கு முன், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பதிவேடு இருந்தது. அந்த ஏடு எந்தச் சாளரத்தில் இருந்ததோ அங்கு மட்டுமே அவ்வண்டிக்குச் சீட்டுப் பெற முடியும். 1985ஆம் ஆண்டு தில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கப்பட்டது. பின்னர்ப் பிற பெருநகரங்களும் அம்முறைக்கு மாறின. டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாக்ஸ் வகைக் கணினிகளும் விஎம்எஸ் என்னும் இயக்க அமைப்பும் இப்பணிக்குப் பயன்பட்டன. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999ஆம் ஆண்டு 'கான்சர்ட்' என்னும் மென்பொருளால் ஒரே வலையாக இணைக்கப்பட்டன. இரயில்வே தகவல் முறைமை மையமான கிரிஸ் இதனை உருவாக்கியது.

அன்று ஏட்டில் இருந்த படுக்கை எண், இன்று வன்வட்டில் ஒரு சிறு காந்தப் பதிவாக இருக்கிறது. பொங்கலுக்கு முதல்நாள் இரவு நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ புறப்படும் ஒருவரின் இடம், அந்தப் பதிவை நம்பியே உள்ளது. கணக்கிடும் கணினி பழுதானால் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கலாம். பதிவு தவறினாலோ ஒரே படுக்கைக்கு இருவர் சீட்டுடன் வந்து நிற்பர்.

ஒற்றைக் கதவு

வீட்டுக் கணினியில் வன்வட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெரிய நிறுவனங்களில் அவ்வாறன்று. நூற்றுக்கணக்கான வட்டுகள் தனி நிலைப்பேழைகளில் அடுக்கப்பட்டிருக்கும். கணக்கிடும் கணினிகள் வேறிடத்தில் இருந்து அவற்றைப் பயன்படுத்தும். இவ்வாறு வட்டுகளைப் பயன்கொள்ளும் கணினியைப் புரவன் கணினி என்பர். ஒரு கணினி நின்றுவிட்டால், அதே வட்டுகளைக் கொண்டு மற்றொன்று வேலையைத் தொடரலாம் என்பதே இப்பிரிவினையின் முதற்பயன்.

பிரிவினையால் புதிய இடர் ஒன்றும் பிறந்தது. புரவன் கணினியிலிருந்து புறப்படும் ஓர் ஆணை, முதலில் அதன் தகவியைக் கடக்க வேண்டும். பின்னர் வடம், ஸ்விட்ச் எனப்படும் இணைப்புமாற்றி, மீண்டும் ஒரு வடம், சேமிப்பகத்தின் கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கடந்தே வட்டைச் சேரும். இவற்றுள் எது பழுதானாலும் வட்டு நலமாக இருந்தும் எட்டாக்கனியாகிவிடும். ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதிவைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வடத்தின் முனையில் தொங்கவிடுவது, இரண்டு பெட்டகங்களை ஒற்றைக் கதவுள்ள அறையில் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். கதவு திறக்கவில்லையெனில் இரண்டும் இல்லை.

ஆகவே வழியும் இரண்டாக வேண்டும். எளிய கணக்கு ஒன்று இதன் பயனைக் காட்டும். ஒரு வழி ஆண்டின் 99 விழுக்காட்டு நேரம் ஒழுங்காக இயங்குவதாகக் கொள்வோம். எஞ்சிய ஒரு விழுக்காடு என்பது ஏறத்தாழ 88 மணி நேரம். அதே தரமுடைய இரண்டாவது வழியும் இருந்து, ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லையெனில், இரண்டும் ஒருசேர நிற்கும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடங்கள். 'தொடர்பில்லையெனில்' என்னும் சொல்லே இக்கணக்கைத் தாங்கி நிற்கிறது.

மின்சாரம் வேண்டாப் பெட்டி

வாக்ஸ் கணினிகளுக்காக டிஜிட்டல் நிறுவனம் 1983ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய திரள் அமைப்பு, இத்துறையில் எண்ணிப் பார்க்கத்தக்க முன்னோடி. பல கணினிகளும் வட்டுக் கட்டுப்படுத்திகளும் அதில் சமமான உறுப்பினர்களாக இணைந்தன. ஒவ்வோர் உறுப்பினரிடமிருந்தும் அ, ஆ என இரு வழிகள் புறப்பட்டு நடுவிலுள்ள விண்மீன் இணைப்பி என்னும் பெட்டியைச் சென்றடைந்தன. ஒரு வழியின் வேகம் நொடிக்கு 70 மெகாபிட். 45 மீட்டர் தொலைவுக்குள் 16 உறுப்பினர்கள் வரை இணையலாம். இரு வழிகளும் நலமாயிருக்கையில் இரண்டுமே பயன்பட்டன. ஒன்று அறுந்தால் போக்குவரத்து முழுவதும் மற்றதற்கு மாறியது.

அனைத்தும் ஒரு பெட்டியில் கூடுகின்றனவே, அப்பெட்டி பழுதானால் என்னாகும் என்னும் ஐயம் இங்கு எழும். வடிவமைத்தவர்கள் அதனைக் கருதாமல் இல்லை. அப்பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. குறிகையைப் பகிர்ந்தளிக்கும் மின்மாற்றிச் சுருள்கள் மட்டுமே அதனுள் இருந்தன; இரு வழிகளுக்கும் உரிய பகுதிகள் மின்னளவில் ஒன்றையொன்று தொடாதவை. எரிந்துபோகும் மின்வழங்கியோ நின்றுபோகும் விசிறியோ இல்லாத பெட்டியில் பழுதுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. நீக்க இயலாத பொதுப்புள்ளி ஒன்று இருக்குமாயின் அதனை இயன்றவரை எளிமையாக்குக என்னும் இந்த அணுகுமுறை, இரட்டிப்பாக்குவதைவிட நுண்ணியது. இவ்வமைப்பில் வட்டுகளுக்கும் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒவ்வொரு வாயிலும் வெவ்வேறு கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்பட்டது.

இன்று செப்பு வடத்தின் இடத்தை ஒளியிழை பிடித்துக்கொண்டது. 1990களில் தரப்படுத்தப்பட்ட ஃபைபர் சேனல் முறையில், புரவன் கணினியில் இரு தகவிகள், ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரு வலைகள், சேமிப்பகத்தில் இரு கட்டுப்படுத்திகள் என அமைப்பது வழக்கம். அம்பத்தூர்ப் பகுதியில் பெருகிவரும் தரவு மையங்களுக்குள்ளும் இத்தகைய அமைப்புகளே இயங்குகின்றன.

ஒரு வட்டு, நான்கு முகம்

ஒவ்வொரு வலையும் இரு கட்டுப்படுத்திகளுக்கும் இட்டுச்செல்லுமாயின், ஒரு வட்டை அடைய நான்கு வழிகள் கிடைக்கும். புரவன் கணினியோ நான்கு வட்டுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்! இது நகைப்புக்குரியதாகத் தோன்றினும் தீங்கு பயப்பது. நான்கையும் வேறு வேறெனக் கருதி எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு வட்டும் உலகில் வேறெதற்கும் இல்லாத அடையாள எண் ஒன்றைத் தாங்கியுள்ளது. பல்வழி மென்பொருள் நான்கு முகங்களிடமும் எண்ணைக் கேட்டறிந்து, விடை ஒன்றாக இருப்பின் அவற்றை ஒரே வட்டாக இயக்க அமைப்புக்குக் காட்டுகிறது. ஆணைகளை வழிகளுக்குப் பகிர்ந்தளிப்பதும், ஒரு வழி நின்றால் மற்றொன்றுக்கு மாற்றுவதும் அம்மென்பொருளின் பணிகளே.

எழுதப்பட்டதா, இல்லையா?

வழி அறுந்தது என்பதைப் புரவன் கணினி எவ்வாறு அறியும்? சில வேளைகளில் ஒளி நின்றவுடன் தகவி அறிவித்துவிடும். பல வேளைகளில் விடை வரவில்லை என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது எளிதில் விடை காண இயலாத வினா. லினக்ஸ் இயக்க அமைப்பு, வட்டுக்கு அனுப்பிய ஆணைக்கு இயல்பாக 30 நொடிகள் காத்திருக்கும். குளிர்வசதிப் பெட்டிகளுக்கான தட்கல் முன்பதிவு காலை 10 மணிக்குத் திறக்கும்போது, 30 நொடி என்பது இடம் கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் இடைப்பட்ட காலம். காத்திருப்பைக் குறைத்துவிடலாமே எனின், சற்றே தாமதமான வழியையும் அறுந்ததாக எண்ணித் தேவையின்றி வழி மாறும் குழப்பம் நேரும்.

இதனினும் பெரிய இடர், விடை வராத ஆணையின் நிலையை அறிய இயலாமை. '32ஆம் படுக்கை இன்ன பயணிக்கு' என்று எழுதும் ஆணை சென்றது. விடை வரும் முன் வழி அறுந்தது. ஆணை வட்டைச் சேரும் முன்னர் அறுந்ததா? எழுதி முடித்து, 'முடிந்தது' என்னும் செய்தி திரும்பும்போது அறுந்ததா? புரவன் கணினிக்குத் தெரியாது. அது செய்யக்கூடியது, அதே ஆணையை மற்றொரு வழியில் மீண்டும் அனுப்புவதே. 32ஆம் படுக்கைக்கு ஒரே பெயரை இருமுறை எழுதினால் கேடில்லை. ஆனால் ஆணை 'காலியிடத்தில் ஒன்றைக் குறைக்க' என்று இருந்தால், இருமுறை செல்லும்போது இரண்டு குறைந்துவிடும். ஆதலால் வட்டுக்குச் செல்லும் ஆணைகள் 'காலியிடம் 14' என முடிந்த மதிப்பையே சுமந்து செல்கின்றன. கழித்தல் கணினியின் நினைவகத்திலேயே முடிந்துவிடும்.

அங்கும் ஒரு பொறி உண்டு. அறுந்ததாகக் கருதிய வழியில் தேங்கி நின்ற பழைய ஆணை, நெடுநேரம் கழித்து வந்துசேர்ந்து, இடையில் எழுதப்பட்ட புதிய மதிப்பை அழித்துவிடக்கூடும். எனவே பழைய வழியில் நிலுவையிலுள்ள ஆணைகள் நீக்கப்பட்டன என்று உறுதிசெய்த பின்னரே புதிய வழியில் தொடர வேண்டும். சேமிப்பகத்தின் கட்டுப்படுத்திகளுக்கும் இதுபோன்ற பொறுப்பு உண்டு. விரைவு கருதி, வட்டில் எழுதும் முன்னரே தம் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'முடிந்தது' என்று அவை விடையளிக்கின்றன. அவ்வாறு கூறும் முன், அத்தரவின் படியை இணைக் கட்டுப்படுத்தியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். இன்றேல் ஒன்று நின்றுபோகும்போது, முடிந்ததாகச் சொல்லப்பட்ட பதிவும் அதனோடு மறையும்.

இரண்டு கணினிகள், ஒரே எண்ணம்

இரு புரவன் கணினிகள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது, அவற்றிற்கு இடையிலான தொடர்பு மட்டும் அறுந்தால் விந்தையான நிலை உருவாகிறது. இரண்டும் நலமாக உள்ளன. ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக எண்ணுகிறது. வட்டுக்குச் செல்லும் வழிகள் செவ்வனே இருப்பதால் இரண்டும் எழுதத் தொடங்கும். ஒரே படுக்கை இருவருக்குச் செல்வது இவ்வாறுதான். இங்கு இடர் விளைவது பழுதான இணைப்பால் மட்டுமன்று. நன்றாக இயங்கும் இணைப்பாலும்தான்.

விஎம்எஸ் திரளில் இதற்கு வாக்கு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாக்கு உண்டு. மொத்த வாக்குகளில் பெரும்பான்மையைக் காணாத பகுதி எதையும் எழுதாமல் நின்றுவிடும். இரு கணினிகள் மட்டுமே இருப்பின் பெரும்பான்மை அமையாது என்பதால், மூன்றாவது வாக்கு ஒரு பொது வட்டுக்கு அளிக்கப்படும். அவ்வாக்கைப் பெறும் கணினி தொடரும், பெறாதது காத்திருக்கும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் நிற்பதே மேல் என்னும் முடிவு இதில் அடங்கியுள்ளது. சாளரத்தில் வரிசையில் நிற்பவருக்கு அது எரிச்சலூட்டும். ஆயினும் வண்டியில் ஏறிய பின் இடமின்றித் தவிப்பதினும் அது சிறிய துன்பம்.

மறைந்திருக்கும் பொதுமை

அண்ணனூர் வழியே புறநகர் வண்டிகளுக்கும் விரைவு வண்டிகளுக்கும் தனித்தனி இருப்புப் பாதைகள் உள்ளன. ஒன்றில் தடை நேர்ந்தால் மற்றொன்றில் வண்டியைத் திருப்பிவிட வாய்ப்புண்டு. ஆனால் அப்பகுதி முழுமைக்கும் மின்வழங்கல் நின்றுவிட்டால், பாதைகளின் எண்ணிக்கையால் என்ன பயன்? சேமிப்பக வழிகளிலும் இதே நிலைதான். இரு தகவிகளும் ஒரே அட்டையில் அமைந்திருத்தல், இரு இணைப்புமாற்றிகளும் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் பெறுதல், இரு வடங்களும் தரைக்கடியில் ஒரே குழாய் வழியே செல்லுதல் ஆகியவை வரைபடத்தில் தெரிவதில்லை. பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒருமுறை இறங்கினால் இரண்டும் அறும். இரு இணைப்புமாற்றிகளிலும் ஒரே பிழையுள்ள மென்பொருளை ஒரே நாளில் நிறுவுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

முற்றிலும் அறுந்த வழியைவிடப் பாதி அறுந்த வழி மிகுந்த தொல்லை தரும். ஒளியிழையின் முனையில் படிந்த தூசியால் சில செய்திகள் மட்டும் கெடும். மீண்டும் அனுப்பினால் சென்றுவிடும். வழி உயிருடன் இருப்பதாகவே மென்பொருள் கருதும். முழு அமைப்பும் தள்ளாடும். அதனால் பிழைகளை எண்ணிவந்து, வரம்பு மீறிய வழியை விலக்கிவைக்கும் ஏற்பாடும் தேவைப்படுகிறது.

பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மாற்றுவழியின் நிலையோ இன்னும் மறைவானது. முதல் வழி ஈராண்டுகள் ஒழுங்காக இயங்கும்போது, இரண்டாவது வழி எப்போதோ அறுந்திருந்தாலும் எவரும் அறியார். சிறு செய்திகளை இடையறாது அனுப்பி அதன் நலத்தை அறிவது ஒரு முறை. மற்றொன்று நேரடியானது. நள்ளிரவை ஒட்டி முன்பதிவுச் சேவை சிறிது நேரம் நிறுத்தப்படுவது போன்ற ஓய்வுப் பொழுதுகளில், பொறியாளர் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வடத்தைத் தம் கையாலேயே பிடுங்குகிறார். கணினித் திரையில் வழி மாறியதற்கான செய்தி எத்தனை நொடியில் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்கிறார். பின் அதனைச் செருகிவிட்டு, அடுத்த வடத்தைப் பிடுங்குகிறார்.